கட்டைவிரலில் மருதாணி

என் வீட்டுக்காரர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். அவருடைய வலது கால் கட்டைவிரல் நகம் தடித்து, நடுவில் கறுத்துப்போய்ப் பல மாதங்களாகியிருந்தன. ஷூவுக்குள் இருக்கிற கால்தானே என்று அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. மர்பி டவுனில் எங்கள் தெருவில் நகச்சொத்தைக்கு மருதாணிதான் முதல் மருந்து. ஆம்பளைக் காலில் மருதாணியா என்று முரண்டு பிடித்தவரை மிரட்டி, வாரம் தவறாமல் அரைத்து அப்பினேன்.

நகம் தூக்கிக்கொண்டு வலியெடுத்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலை மேடம்," என்றார் இவர்.

கை வைத்தியத்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்ற பயம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு.

"நகம் கறுத்தா பெரும்பாலும் பூஞ்சைதான். ஆனா இங்க நகத்தைத் தாண்டி தோலும் கறுத்திருக்கு. கேன்சர் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். நகத்தை எடுத்துட்டு அடியில இருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்."

நான் இவரைப் பார்த்தேன். இவரோ என் பக்கம் திரும்பவேயில்லை. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். காலை அறுத்தாலும் அறுக்கட்டும், மருதாணி வைத்தது மட்டும் தெரியக்கூடாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், அது மருதாணி. நான்தான் வெச்சேன். போன வாரங்கூட வெச்சேன். இவரு பொய் சொல்றாரு."

டாக்டர் திட்டவில்லை. பிளேடால் நகத்தை மெல்லச் சுரண்டினார். செம்மண் நிறத்தில் தூள் உதிர்ந்தது. அடியிலும் கறுப்பு இருந்தது. நகத்தில் கொஞ்சம் வெட்டி லேபுக்கு அனுப்பினார்.

"தோல்ல இருக்கறது மருதாணின்னா தானா மங்கிடும். மங்கலைன்னா சதை எடுத்துத்தான் ஆகணும்."

அதன்பிறகு தினமும் காலையில் அவர் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் மங்கினாற்போல் இருக்கும். மறுநாள் அப்படியே இருக்கும். மருதாணி நன்றாகப் பிடித்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்பார்கள். என் கையில்கூட இப்படிப் பிடித்ததில்லை. பாவி மனுஷன் காலில் போய்ப் பிடித்திருக்கிறது! அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூடப் பயந்தோம்.

மறுபடி போனபோது தோல் வெளுத்திருந்தது. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் படித்தார்.

"பூஞ்சைதான். நகத்துல இருக்கற கறுப்பும் அதனாலதான். மாத்திரை தர்றேன். நகம் முழுசா புதுசா வளர ஒரு வருஷம் ஆகும்."

"ஒரு வருஷமா மேடம்?" என்று இவர் அலுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வருஷமும் இவர் இருப்பார் என்பதை அந்த அம்மா எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்!