குக்கரும் ஆள்காட்டி விரலும்

பெரிய கட்டுமானக் கம்பெனியில் சேரலாமா என்று நர்ஸ் பெண்கள் யாராவது கேட்டால், பொத்தேரி சைட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு அந்த சைட்டின் முதலுதவி அறைக்கு வந்தபோது எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. சிட்லபாக்கத்திலிருந்து கம்பெனி பஸ். நைட் டியூட்டி கிடையாது. மருந்து தீர்ந்தால் ஒரு மெயில் போதும். வாசலிலேயே ஆம்புலன்ஸ். சின்ன காண்ட்ராக்டர்களிடம் இருந்து வந்தவர்கள், "அங்கெல்லாம் அடிபட்டா மஞ்சப்பொடிதான் சிஸ்டர்" என்பார்கள்.

கேட் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு. தினமும் காலையில் எண்ணை மாற்றுவார்கள். இலக்கைத் தொட்டால் எல்லோருக்கும் ஆளுக்கொரு குக்கர். யாராவது அடிபட்டு வேலைக்கு வர முடியாமல் போனால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். நல்ல எண்ணத்தில் வைத்த போர்டுதான்.

இலக்குக்கு முந்தின நாள், கம்பி கட்டும் கண்ணனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கம்பிக் கட்டு சரிந்து வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கியிருந்தது. துணியை அவிழ்த்தேன். நுனி வெளுத்துச் சில்லிட்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல் போய்விடும்.

அவனோ, "வூட்ல அடிபட்டுச்சுன்னு எழுதிக்கோ சிஸ்டர். நாளிக்கு குக்கர் குடுக்கறாங்க. என்னால எல்லாருக்கும் போச்சுன்னா பேஜாராயிடும்" என்றான்.

"குக்கர்ல ஆக்கின சோத்தை எந்தக் கையால பிசைவே? வாயை மூடிக்கிட்டு உக்காரு."

அதற்குள் புராஜெக்ட் மேனேஜர் வந்துவிட்டார். "வீட்டுல அடிபட்டதாவே இருக்கட்டும் சிஸ்டர். ஆஸ்பத்திரிக்கு நான் தனியா அனுப்பறேன். ஹெட் ஆபீஸ் வரைக்கும் எதுக்கு?"

"விரல் போயிடுச்சுன்னா சார்? அவன் வேலைக்கு வர முடியாதப்போ சம்பளம் யார் குடுப்பா, நீங்களா?"

சைட்டில் அடிபட்டதாகப் பதிவானால்தான் கம்பெனி பொறுப்பேற்கும். பதிவு செய்துவிட்டு, கண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றி நானும் கூடவே போனேன்.

விரல் பிழைத்தது. ஆபரேஷன் செலவு முழுவதும் கம்பெனியுடையது. வீட்டில் இருந்த நாட்களுக்கும் சம்பளம் வந்தது. அதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

ஆனால் குக்கர் போயே போச்சு. கேண்டீனில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்குக் 'குக்கர் சிஸ்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அது தொலையட்டும். அதன் பிறகு என் அறைக்கே ஆள் வருவது நின்றுவிட்டது. கீறலுக்கெல்லாம் போர்டு மாறாது என்று தொண்டை கிழியச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

வருஷக் கடைசியில் ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்து மேடை போட்டார்கள். என் முதலுதவிப் பதிவேட்டைப் பார்த்து, காயங்கள் மிகக் குறைந்த சைட் என்று பாராட்டி என் கையில் ஒரு ஷீல்டைக் கொடுத்தார்கள். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்து அந்தக் கைகளைப் பார்த்தேன். எத்தனை கைகளில் அழுக்குத் துணிக் கட்டு! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஷீல்டை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

மறுநாள் டீ நேரத்தில் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நானே சைட்டுக்குள் போனேன். முதலில் முறைத்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் ஒருவன் கையை நீட்டினான்.

அடிபட்டவனுக்குப் பெரிய கம்பெனி செலவு செய்யும், அதில் குறை சொல்ல மாட்டேன். அடிபட்டவன் யார் என்று அது தேடி வராது. நீங்கள்தான் போக வேண்டும்.