வெடிக்காத பழம்

எங்கள் சமையலறை யன்னலோரத்தில் ஒரு வைகாசி மாதம் முழுவதும் ஆறு கடதாசிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. நான் வேலை செய்த கோப்பிக் கடையிலிருந்து எடுத்து வந்தவை. அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை ஊன்றியிருந்தேன். என் கணவரின் தமக்கை, நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர், காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கோப்பைகளைத்தான் பார்ப்பார். மருந்தெல்லாம் பிறகுதான். "உம்மடை பிள்ளையள் இன்னும் தலை காட்டேல்லைப் போல" என்று என்னைச் சீண்டுவார். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். அவர் சொன்னால் சிரிப்புத்தான் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, வோபர்ன் என்ற பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தையும் பின்வளவையும் வாடகைக்கு எடுத்து மூவரும் இருந்தோம். மச்சாளுக்கு வயிற்றில் புற்றுநோய். இலை உதிரும் காலம்வரை தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். மச்சாளிடம் நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். சோறு, கஞ்சி, சூப் எதுவும் வயிற்றில் நிற்காது. அந்த வருத்தத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு துண்டு வெள்ளரிப்பழம், மேலே கொஞ்சம் சீனி. கடையிலிருந்து மூன்று வகைப் பழம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். "உதெல்லாம் காயிலை முறிச்சு லொறியிலை பழுத்தது. பச்சைத் தண்ணி. கொடியிலை பழுத்தது வேணும் எனக்கு."

அந்த வீம்புக்குத்தான் நான் மண்ணைக் கொத்தத் தொடங்கினேன். விதைப் பைக்கற்றில் 'மெலன்' என்று போட்டிருந்தது. மச்சாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளரிப்பழம்தான். பேர்தான் வேறை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்திரை வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்துப் பின்வளவில் விதை ஊன்றினோம், ஊரில் இருக்கிற எண்ணத்தில். அந்த மண்ணில் கை வைத்தாலே விறைக்கும். இரண்டு கிழமை கழித்துத் தோண்டிப் பார்த்தால் விதையெல்லாம் அழுகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிரேக்கர் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். தக்காளி, கத்தரி, மெலன் என்று தன் வளவை நிறைத்து வைத்திருக்கிற மனிதர். வைகாசிக் கடைசிக்கு முன் வெளியில் எதையும் வைக்காதே, அதுவரை வீட்டுக்குள் கோப்பையில் வளர் என்று சொல்லித் தந்தவர் அவர்தான். ஆனால் ஒரு மாதம் போய்விட்டது. எங்களிடம் இருந்ததே எண்ணி ஐந்து மாதம்.

ஆனி முதல் கிழமை, கோப்பையைக் கிழித்து, வேர் குலையாமல் கன்றுகளைத் தரையில் வைத்தேன். கிரேக்கர் சொன்னபடி சூடு பிடிப்பதற்காக மண்ணின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, கன்றுக்கு மட்டும் ஓட்டை வெட்டினேன். ஆடியில் பூத்தது. முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. மச்சாள் யன்னலடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு, எது பிஞ்சுப் பூ என்று பார்த்துச் சொல்லச் சொல்லி என்னை ஆட்டிப் படைத்தார். மூன்று பிஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளினேன், சத்தெல்லாம் அவற்றுக்கே போகட்டும் என்று. இரவில் வளவுகளுக்குள் புகுந்து மேய்கிற நாசமாய்ப் போன ரக்கூன் இரண்டைத் தின்றது. ஒன்று மிஞ்சியது.

அந்த ஒன்றுக்காக மச்சாள் தன் பழைய நூல் சேலையைக் கிழித்துத் தந்தார். ஊரில் வெள்ளரிப்பழம் பழுத்தால் வெடிக்கும். வெடித்துச் சிதறாமலிருக்க முதலே ஓலையால் சுற்றிக் கட்டுவார்கள். இங்கே ஓலைக்கு எங்கே போவது? "இறுக்காமல் கட்டும். வெடிச்சாத்தான் பழம், அதுக்கு முதல் கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். கட்டினேன். கையும் வைக்கவில்லை.

ஆவணியில் கிரேக்கர் வழக்கம்போலத் தன் நாட்டுக்குப் போய்விட்டார். மச்சாள் கட்டிலோடு கிடந்தார். நான் பின்வளவிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "வெடிச்சிட்டுதோ?" "இன்னும் இல்லை, மச்சாள்." "கள்ளப் பழம். என்னோடை போட்டிக்கு நிக்குது."

ஆவணிக் கடைசியில் ஒரு காலை போய்ப் பார்த்தேன். கொடியில் காம்பு மட்டும்தான் இருந்தது. சேலைத் துண்டுக்குள் பழம் தனியாகக் கிடந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். முதல்நாள் தண்ணீர்க் குழாயை இழுக்கும்போது நான்தான் முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். துணியை அவிழ்த்தேன். எங்கும் ஒரு கீறல் இல்லை, வெடிக்கவில்லை. நான் கொலை செய்த காய். தோல் மஞ்சளித்திருந்தது. மணமும் வந்தது, தூக்கலான இனிப்பு மணம். அழுகத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். வெட்டிக்கூடப் பார்க்கவில்லை. குப்பை எடுக்கிற நாள் அது. லொறிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. ஓடிப்போய்ப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"வெடிச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை, மச்சாள்."

அதன் பிறகு ஒன்பது நாள் அதே கேள்வி, அதே பதில். கடைசி இரண்டு நாள் அவருக்குக் குரல் எழவில்லை. கண்ணால் யன்னல் பக்கம் காட்டிக் கேட்பார். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். பத்தாவது நாள் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமையில் கிரேக்கர் திரும்பி வந்தார். செய்தி கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, பேச வேறொன்றும் இல்லாமல், மெலன் எப்படி என்று கேட்டார். பழுக்கமுதல் விழுந்துவிட்டது என்றேன். தானாக விழுந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். இந்தச் சாதி வெடிக்காது, பழுத்ததும் தானே காம்பை விட்டுவிடும், அதுதான் அடையாளம் என்றார். மணந்திருக்குமே, மணக்கவில்லையா?

இல்லை என்றேன். அவரிடமும் பொய்.

இப்போது ஸ்ரௌவ்வில்லில் சொந்த வீடு, விரிந்த பின்வளவு. புல்லைத் தவிர அதில் எதையும் நான் வளரவிடவில்லை. அன்று குப்பை லொறிக்குப் போனது முற்றிய பழம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. தமக்கையின் திவசத்தில் படையலுக்கு வெள்ளரிப்பழம் வெட்டி வைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கடைப்பழம்தான். சீனி தூவிவிட்டு, ஒவ்வொரு வருடமும் அவர் தவறாமல் சொல்வார்: "பாவம் அக்கா. ஒரு பழம் பழுத்திருந்தாலும் திண்டிருப்பா. குடுத்து வைக்கேல்லை."

"ஓம்" என்கிறேன்.