பெண்கள் பக்கத்துப் படம்

கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு மலர் ஆசிரியர் எங்கள் ஸ்ரூடியோவைத் தேடிக்கொண்டு திருகோணமலைக்கு வந்த மாலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. துறைமுகத்தில் கிளார்க் வேலையை முடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்குகிறேன். வாசலில், வியர்வையில் முதுகோடு ஒட்டிய சேட்டுடன் ஒரு மனிதர் நிற்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலமாக நாதஸ்வரக்காரரையும் கூத்துக்காரரையும் படம் பிடித்துத் தன் மலருக்கு அனுப்புகிற மனிதரை ஒருநாள் நேரில் காண வேண்டும் என்று இருந்ததாகவும், இன்றைக்குத்தான் அது வாய்த்ததாகவும் சொன்னார். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே காட்டினேன். இருட்டறையின் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு, இடுப்பில் எங்கள் மூத்த மகளுடன், என் மனைவி வந்துகொண்டிருந்தாள். "நான்தான் ஐயா அது. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். அவர் கதிரையில் இருந்தார் என்று சொல்ல முடியாது. விழுந்தார்.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை. படத்தின் பின்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் ஊரையும் மட்டும் எழுதி அனுப்புவாள். மிச்சத்தைக் கொழும்பில் இருந்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். அதை அறிந்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆசிரியர் நல்ல மனிதர். முதல் வாய் தேநீரோடு அதிர்ச்சியை விழுங்கிவிட்டு, அன்று முதல் அவளைத் "தங்கச்சி" என்று அழைக்கத் தொடங்கினார்.

ஸ்ரூடியோ என் மாமனாருடையது. வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் மாலுமிகள் வாசல்வரை வரிசையில் நின்று படம் எடுத்துத் தங்கள் தாய்மாருக்கு அனுப்புவார்களாம். அவர்கள் கப்பலேறிப் போனதும் வாசல் வெறிச்சோடியது. கொஞ்சக் காலத்தில் மாமனாரின் பார்வையும் மங்கியது. கடையைப் பூட்டி வாடகைக்கு விடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது, கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத என் மனைவி சாவியை வாங்கித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் முகங்களை எடுத்து அவளால் கடையை நடத்தியிருக்க முடியும். ஆனால் அசையாமல் இருக்கும் முகங்கள் அவளுக்கு அலுத்துப்போயின. ஒரு கோயில் திருவிழாவில் தவில்காரர் ஒருவரைத் தற்செயலாக எடுத்தாள். அந்தப் படம் கழுவுமருந்தில் மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்துவிட்டு என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டாள். தவில்காரரின் தோளும் கழுத்தும் ஒரே வீச்சில் திரும்பியிருந்தன. "சத்தம் கேக்குதே?" என்று கேட்டாள். எனக்கு மருந்து மணந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு பாட்டும் ஆட்டமும் இருக்கும் இடங்களே அவளுடைய ஊர்களாகிவிட்டன.

அவள் தொழிலைக் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெரிய விருந்து. பாடுகிறவரை வாய் திறந்திருக்கும்போது எடுத்தால் கொட்டாவி விடுவது போலத் தெரியும், வரி முடிந்து மூச்சை விடும் கணத்தில் எடுத்தால்தான் பாட்டு முகத்தில் நிற்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். நாதஸ்வரக்காரர் ஒருவர், கன்னம் உப்பாமல் தன்னை எடுக்க வேண்டும் என்று நெடுநேரம் மன்றாடினார். ஊதாமல் வாத்தியத்தைச் சும்மா வாயில் வைத்திருக்கச் சொல்லி ஒன்றும், ஊதும்போது ஒன்றும் எடுத்து, இரண்டையும் அவர் முன் வைத்தாள். கன்னம் உப்பிய படத்தைத்தான் அவர் சட்டம் போட்டு மாட்டினார்.

என்னால் லீவு எடுக்க முடிந்த போதெல்லாம் நானும் கூடப் போனேன். கந்தளாய்க் கலைவிழாக்களுக்கு பஸ்ஸில், யாழ்ப்பாணத்துக்கு ரயில் மாறி, மட்டக்களப்புக்குத் தோணித்துறைகளைக் கடந்து என்று போவோம். எந்த நெரிசலிலும் கமராப் பையை மடியிலிருந்து இறக்க மாட்டாள். தொடக்கத்தில் கூட்டத்தில் விசில் அடித்தார்கள். பெண்பிள்ளை மேடையில் ஏற ஏலாது என்று ஒரு நாடக முகாமையாளர் தடுத்தார். அவரோடு அவள் வாதாடவில்லை. வெளியே சாமான் இறக்கிவிட்டு நின்ற மாட்டு வண்டியில் ஏறி நின்று, அங்கிருந்தே ராஜாவையும் மந்திரியையும் எடுத்தாள். அடுத்த வருடம் அதே முகாமையாளர் மேடையின் ஓரத்தில் அவள் இருந்து படமெடுக்க ஒரு வாங்கு போட்டு வைத்திருந்தார். எழுபதுகளில் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் பெடியன்கள் கிற்றாரும் ட்ரம்ஸுமாகப் பொப் பாட்டுப் பாடக் கிளம்பியபோது, நீள முடியும் பூப்போட்ட சேட்டுமாக அவர்கள் படத்துக்கு நிற்க வந்ததும் எங்கள் ஸ்ரூடியோவுக்குத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது மூதூர் ராத்தாவைப் பற்றி. ராத்தா என்றால் அக்கா. மூதூர் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் பாட்டுக் கட்டிப் பாடுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று துறைமுகத்தில் வேலை செய்த மூதூர்க்காரர் எல்லோரும் சொல்லுவார்கள். குரலைக் கேட்டவர்கள்தான் அவர்கள். ஆண்கள் யாரும் அவர் பாடிப் பார்த்ததில்லை. கிடுகு வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் போகிறவர்கள் அந்தக் குரல் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார்களாம். அப்படிப்பட்டவர், அறுபதுகளின் தொடக்கத்தில் தன் மகளின் கலியாணத்துக்குப் படமெடுக்க ஒரு பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார்.

கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்ச் படகில் போனோம். நான் ஆண்களோடு பந்தலில் இருந்தேன், அவள் உள்ளே போனாள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்த வேளையில் உள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. மெல்லிய குரல் அல்ல. கொஞ்சம் கரகரத்த, அடியில் மணல் அரைபடுகிற குரல். மகளை அனுப்பி வைக்கும் தாயின் பாட்டு. மாப்பிள்ளையின் வாப்பா, பாக்கு வெட்டியைக் கையில் பிடித்தபடி வெட்டாமல் இருந்தார்.

திரும்பி வரும்போது லோஞ்ச்சில் அவள் எனக்கு நடந்ததைச் சொன்னாள். மற்றப் பெண்களையும் மணமகளையும் எடுத்து முடிந்தபின், தான் பாடும்போது தன்னையும் ஒன்று எடுக்கும்படி ராத்தாவே கேட்டாராம். ஆனால் ஒரு நிபந்தனை. "என்ட குரல் வேலியத் தாண்டிப் போகுது, அத நான் மறிக்க ஏலா. முகம் என்ட. இத ஒரு ஆம்புளயும் பாக்கப்படா புள்ள" என்றாராம். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், ஆகவே படம் உன்னிடமே இருக்கட்டும், என் காலத்துக்குப் பிறகு என் மகளிடம் கொடு என்றும் சொன்னாராம். இவள் சரியென்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்ப நானும் பாக்க ஏலாதோ?" என்றேன் விளையாட்டாக.

"நீங்களும் ஆம்பிளைதானே" என்றாள். அவள் விளையாடவில்லை.

அந்தப் படத்தை அவளே கழுவி, அவளே அச்செடுத்து, உறையில் ஒட்டி அலுமாரிக்குள் வைத்தாள். இருட்டறையிலிருந்து அன்று அவள் வெளியே வந்த முகத்தை மட்டும் நான் பார்த்தேன். அழுதிருந்தாள். இவ்வளவு காலத்தில் இப்படி ஒன்று தனக்கு விழவில்லை என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு ஆசிரியர் மறுபடி வந்தார். கிழக்கின் பாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சிறப்பு மலர் போடப்போகிறார். ராத்தாவைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். அந்தக் கலியாணத்துக்கு என் மனைவி போனதும் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. முன்னட்டைக்கு அந்தப் படம் வேண்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். மார்கழிக் கச்சேரிகளை எடுக்க மதராசுக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள், அட்டைப் படம் எடுத்தவளை அனுப்புவதாக நிர்வாகத்திடம் பேசிவிடலாம் என்று. மதராஸ் என்றதும் என் மனைவியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன். வானொலியில் மட்டும் கேட்ட வித்துவான்களை ஒருநாள் முன்வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது கலியாணமான காலத்திலிருந்து அவள் என்னிடம் சொல்லிவந்த ஆசை. யோசித்துச் சொல்லுகிறேன் என்று அவரை விடுதிக்கு அனுப்பினாள்.

அன்று மாலை குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் இருந்து, மூதூருக்கு ஒருக்கால் போய் ராத்தாவிடமே கேட்டுப் பார்ப்போமே என்றேன். அது நியாயமான யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கேட்டா அவ ஓம் எண்டு சொல்லிப்போடுவா. என்ரை முகத்துக்காகச் சொல்லுவா. அதுக்குத்தான் நான் கேக்கப் போகேல்லை."

மறுநாள் ஆசிரியர் வந்தார். அவள் முடியாது என்றதும் முகத்தை நிழலாக்கி, உருவத்தை மட்டும் போடலாமே என்று கேட்டுப் பார்த்தார். "நிழலும் அவவின்ரைதான் ஐயா" என்றாள். குரல் உயரவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஓய்வு பெறும்வரை அவளுடைய மற்றப் படங்களைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மதராசுக்கு வேறொருவர் போனார். அவர் எடுத்த கச்சேரிப் படங்கள் மலரில் வந்தபோது அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பாருங்கோ, எல்லாரும் கொட்டாவி விடுகினம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கிணற்றடிக்குப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் பின்னால் போகவில்லை.

இந்தச் செய்தி மூதூருக்கு யார் சொல்லிப் போயிற்று என்று தெரியாது. லோஞ்ச்சில் ஏறினால் போதும், இந்தக் கரைக் கதை அந்தக் கரையில் இறங்கிவிடும். அதன்பின் கிண்ணியாவிலிருந்து ஆள் வந்தது, சாம்பல்தீவிலிருந்து வந்தது, கந்தளாயில் சிங்கள வருஷப்பிறப்புக்குப் பெரிய றபான் மேளத்தைச் சுற்றியிருந்து அடிக்கும் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். வேறெந்தப் படக்காரனும் எட்டிப் பார்க்க முடியாத முற்றங்களில், பெண்கள் தங்களுக்குள் பாடியதையும் கும்மியடித்ததையும் அவள் எடுத்தாள். இதை யார் பார்க்கலாம் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கமராவைத் திறப்பாள். சிலர் பத்திரிகைக்கே அனுப்பச் சொன்னார்கள். சிலர் வீட்டோடு இருக்கட்டும் என்றார்கள். அந்தந்தச் சொல் அந்தந்த உறையின் மேல் இருந்தது. துறைமுகத்தில் என்னைப் "படக்கார அக்காவின்ர ஆள்" என்று அழைக்கத் தொடங்கினார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் நான். அந்தப் பட்டத்தை எந்த உத்தியோகத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராத்தா காலமானார். நாற்பது நாள் கழிந்து மகள் தன் புருசனோடு வந்தார். என் மனைவி படத்தையும் அதன் நெகட்டிவையும் ஒன்றாகக் கொடுத்தாள். மகள் எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. தாயின் முகம் இருக்கிற வேறு படம் அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உம்மா இப்போது இல்லைத்தானே, இத்தனை வருசம் வீட்டில் வைத்துக் காத்தவர் நீங்கள், ஒருக்கால் பாருங்கள் மாமா என்று என்னிடம் சொன்னார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "வேண்டாம் பிள்ளை. எனக்கு அந்தக் குரல் இருக்கு" என்றேன்.

பிறகு வந்த யுத்த காலம் எல்லோரும் அறிந்ததுதான். ஸ்ரூடியோ இப்போது இல்லை. நல்ல வேளையாக அதற்கு முன்பே உறைகளில் பெரும்பாலானவற்றை உரியவர்களிடம் அவள் கொடுத்து முடித்திருந்தாள். கலை ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் இப்போது சிலவேளை என்னைத் தேடி வருகிறார்கள். அவள் எடுத்த சிறந்த படங்களைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். நானே பார்க்கவில்லை என்று சொல்லும்போது அவர்கள் என் வயதை நினைத்து இரங்குவது தெரியும். நான் அதைப் பெருமையாகச் சொல்லுகிறேன் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

ராத்தாவின் மகள் வந்து போன அடுத்த வருடம் அவருடைய மூத்த பெண்ணுக்குக் கலியாணம். கமரா கொண்டுவர வேண்டாம், வந்து எங்களோடு இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தோளில் பையில்லாமல் என் மனைவி லோஞ்ச்சில் ஏறியது அன்றுதான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போலப் பந்தலில் ஆண்களோடு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே பாட்டுத் தொடங்கியது. மகள்தான் முன்னின்று பாடினார். தாயின் கரகரப்பு அவரிடம் இல்லை, ஆனால் பாட்டு அதுவேதான். ஒவ்வொரு வரியையும் மற்றப் பெண்கள் சேர்ந்து திருப்பிப் பாடினார்கள். மூன்றாவது வரியிலோ நான்காவது வரியிலோ, அந்தக் கூட்டுக்குரலுக்குள் ஒரு குரல் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வெட்கப்பட்டு, பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு மேலே எழுந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட என் அம்மாதான் பாடினார். அவள் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "புதுக் குரல் ஒண்டு கேக்குது. ஆரு தம்பி அது?"

"என்ரை மனுசி" என்றேன்.