இறால் தொடாத நாட்கள்

அன்று சாயந்திரம் மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் வீட்டம்மா. முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் மைசூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, அன்றுதான் ஆஸ்டின் டவுன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். பக்கத்தில் சமையல் அக்கா. தரையில் நான், தொட்டி கழுவுகிறவன். தொட்டிக்குள் உயிருள்ள ஆரஞ்சுப் பவளம்.

பவளம் கைப்பிடி அளவுதான். மேலெல்லாம் பூப்போல வாய்கள். அம்மா ஊருக்குப் போகும்போது முப்பத்தாறு வாய்.

மற்ற பவளங்கள் விளக்கு வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும். இதற்கு வெளிச்சத்தால் பயன் இல்லை. பாறைக்கு அடியில் நிழலில் இருக்கும். விளக்கை அணைத்து, இறால் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் விட வேண்டும். அந்த வாசத்துக்கு அரை மணியில் வாய் திறக்கும். பிறகு ஒவ்வொரு வாய்க்கும் சிரிஞ்சால் ஒரு துணுக்கு இறால். வாரம் மூன்று நாள்.

அம்மாவின் பிள்ளைகள் எல்லாம் வெளியூர். அந்த வீட்டில் அவர் கையால் சாப்பிட அது ஒன்றுதான் இருந்தது. அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன மறுவாரம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். வருஷா வருஷம் போடுவதுதான். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி தொடமாட்டேன். அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு ஆள் வைத்துவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை.

சமையல் அக்கா கேட்டார்.

"நான் போடறேன் சாமி. எப்படின்னு சொல்லு."

"வேணாங்க்கா. லைட்டுக்கு நேரா எடுத்து வெச்சுட்டேன். மத்ததெல்லாம் அதுலதானே வளருது?"

"நீ விரதம் இருக்கே, சரி. அதுக்கும் சேத்து மாலை போட்டுட்டியா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மீன்களுக்குத் தீனி போட்டேன். அதுவும் மீன் அரைத்த தூள்தான். டப்பாவில் வந்ததால் கவுச்சியாகத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் அம்மா போன் செய்வார்.

"வாயெல்லாம் தெறக்குதாப்பா?"

"தெறக்குதும்மா."

மூடித்தான் கிடந்தது. பசி இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பசியில்தான் மூடிக்கிடந்தது. போகப்போக சதை சுருங்கி வெள்ளை எலும்பு தெரிந்தது. எலும்பில் பாசி ஏறியது. அதையும் பார்த்தேன். அப்போதும் அக்காவைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினேன். இரண்டாம் நாள் அம்மா வந்துவிட்டார்.

அவர் கேட்கும் முன் நானே சொன்னேன். இறால் போடாதது, இடம் மாற்றியது, போனில் பொய் சொன்னது, எல்லாம்.

அம்மா திட்டவில்லை.

"விரதம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அக்காவுக்கு போன்லயே சொல்லிக் குடுத்திருப்பேனேப்பா. உன்ன எதுக்கு நிறுத்தப் போறேன்?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

பவளத்தைப் பழையபடி நிழலில் வைத்தேன். விளக்கை அணைத்தேன். இறால் தண்ணீர் விட்டேன். அரை மணி ஆயிற்று. இன்னொரு அரை மணியும் ஆயிற்று.

"தெறந்தத எண்ணுப்பா. என்னால குனிய முடியல," என்றார் அம்மா.

கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

ஏழு.