துரையின் ஓடையில் ஓர் ஈசல்

என்னை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை நானே டைப் அடித்தேன். துரை இரண்டு பிரதி கேட்டார்; நான் மூன்று அடித்தேன். பிழை இருந்துவிடக்கூடாதே என்று இரண்டு முறை படித்தும் பார்த்தேன். முப்பது வயது தாண்டியவன், கல்யாணமானவன், இன்டர்மீடியட் தேறியவன் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் இல்லை.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். பங்களாவுக்குக் கீழே ஓர் ஓடை. டிரவுட் என்கிற சீமை மீனின் குஞ்சுகளைத் துரை எங்கிருந்தோ வரவழைத்து, தகர டின்களில் தலைச்சுமையாக மலையேற்றி, அந்த ஓடையில் விட்டிருந்தார். பாதி வழியிலேயே செத்தது. மீதி பெருகியது.

அந்த மீனைப் பிடிப்பதற்கு ஓர் ஆசாரம் உண்டு. புழு கூடாது. மாவு கூடாது. வலை என்றால் மகாபாவம். கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, நீளமான பிரம்பால் சாட்டை வீசுவதுபோல் வீசி, தண்ணீரின்மேல் பூப்போல உட்கார வைக்க வேண்டும். மீன் அதை நிஜ ஈ என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். ஒரு ஜீவனை இவ்வளவு மரியாதையாக ஏமாற்றும் வழக்கத்தை நான் கோர்ட்டுகளில்கூடப் பார்த்ததில்லை.

ஓடைக்கரையில் ஒரு பலகை நட்டிருந்தது. 'இந்த ஓடையில் மீன் பிடிக்கும் சிப்பந்தி வேலையிலிருந்து நீக்கப்படுவார்.' தமிழ் வாசகம் என்னுடையது. சிப்பந்தி என்ற சொல்லில் நானும் அடக்கம் என்பது பெயிண்ட் காய்ந்த பிறகுதான் உறைத்தது. மழை நம்முடையது, மலை நம்முடையது. அதில் ஓடுகிற தண்ணீரில் நான் கை வைக்கக்கூடாது என்று என்னைக் கொண்டே எழுத வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் நான் புத்தகத்தைத் தேடுகிற ஆள்.

புத்தகம் கிடைத்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சின்னத்துரை, நுனி முறிந்த தூண்டில் பிரம்பு ஒன்றையும் துருப்பிடித்த கொக்கிப் பெட்டி ஒன்றையும் அந்தப் புத்தகத்தையும் ஆபீஸ் மூலையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். முழுக்க முழுக்க இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைகளில் ஊறிவரும் ஓடைகளைப் பற்றிய நூல். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். கரையெல்லாம் புல்வெளியாம். நம் நிழல் பட்டாலே மீன் ஓடிவிடுமாம். ஆகையால் மண்டியிட்டு நகர வேண்டுமாம்.

எங்கள் ஓடை கருங்கல்லின் நடுவே, ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஓடியது. என் நிழலைப் பார்க்க அந்த மீனுக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். ஆனாலும் புத்தகம் சொல்லிவிட்டதே என்று மண்டியிட்டேன். மேகமலை அட்டைகளுக்கு இப்படி ஒரு விருந்து அதற்கு முன் வாய்த்திருக்காது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் பிடித்தவை: தேயிலைச் செடி, நாணல், என் தலைப்பாகை, கடைசியாக என் இடது காது. காதில் கொக்கியோடு நின்றபோதுதான் ஓடைக் காவல்காரர் வந்து சேர்ந்தார்.

"ரைட்டரய்யா, பலகையில என்ன போட்டிருக்கு?"

"அதை எழுதினதே நான்தான்யா."

"அப்பப் படிச்சிருப்பீக. வாங்க, பங்களாவுக்கு."

துரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். வினைச்சொல் எல்லாம் கட்டளையாக வரும், அவ்வளவுதான். என் காதைப் பார்த்தார். காதில் தொங்கிய இறகுப்பூச்சியைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"கிளார்க், நீ மீன் பிடிக்கலை. தண்ணிக்கு விசிறி போடு. தினம் போடு. பர்மிஷன் குடுத்தாச்சு." காவல்காரரிடம் திரும்பி, "இவனை விடு. மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

தண்டித்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வேலை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டுதான் படியேறினேன். ஆனால் இந்த அனுமதி இருக்கிறதே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. பலகையில் போட்ட தண்டனைக்குக்கூட நான் லாயக்கில்லை என்று அர்த்தம். அன்றைக்கே முடிவு செய்தேன்: அந்தப் பலகை என்மேல் செல்லுபடியாகும்படி செய்துகாட்டுவேன். நீக்கினால் மீன்காரனாக நீக்கட்டும். விசிறிக்காரனாக அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்க மாட்டேன்.

என் மனைவி காதுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "வேலை போகாதுன்னு சொல்லிட்டாகள்ல, அப்புறம் என்ன?"

"அதான் பிரச்சினையே."

"உங்கள நம்பிக் கட்டிக் குடுத்தாகளே எங்க வீட்டுல, அவுகளச் சொல்லணும்."

புத்தகத்தில் நாற்பது வகை ஈக்களுக்குப் படம் போட்டிருந்தது. துரையின் தூண்டில் பெட்டியில் இருந்ததும் அதே நாற்பதுதான். சீமையிலிருந்து பார்சலில் வரும். அவரும் சனிக்கிழமைதோறும் சாட்டை வீசுவார். விரல் நீளத்தில் ஒன்றிரண்டு கிடைக்கும். பெரிய மீன் ஒன்றுகூட ஏறியதில்லை. இதற்குக் காரணம் எனக்குப் பிடிபட்டது ஐப்பசி மாதம், முதல் பெருமழை விட்ட ஒரு சாயங்காலம். பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கரைப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. கிளம்பிய பாதி தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான், கல்லிடுக்கில் அதுவரை கண்ணிலேயே படாத மீன்களெல்லாம் மேலே வந்து சளப் சளப்பென்று அள்ளின. மேகமலையிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு இங்கிலாந்தின் ஈயை எப்படித் தெரியும்? அது சாப்பிடுவது நம் ஊர் ஈசலை.

வீட்டுக்கு ஓடினேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்கிற கறுப்புக் கம்பளியிலிருந்து ஓர் இழையை உருவி உடம்பு சுற்றினேன். பக்கத்து வீட்டுச் சேவலின் வெளிறிய கழுத்திறகு நான்கை இறக்கையாகக் கட்டினேன். சேவல் சம்மதிக்கவில்லை, அதன் தடயம் என் புறங்கையில் இன்னும் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலமும் மழை விட்டது, ஈசலும் வந்தது. நான் மண்டியிடவில்லை. பலகைக்கு நேர் கீழே, எல்லோரும் பார்க்கும்படி நிமிர்ந்து நின்று வீசினேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் உடைந்தது. பிரம்பு வில்லாக வளைந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஆனால் பிரம்பை விடவில்லை. கடைசியில் கரையேறியபோது, அம்மை வார்த்த மாதிரி உடம்பெல்லாம் புள்ளியோடு, ஒரு முழத்துக்குக் குறையாத மீன் என் கையில் இருந்தது.

அப்படியே சொட்டச் சொட்ட பங்களாவுக்குப் போனேன். பக்கத்து எஸ்டேட் துரைகள் இருவர் தேநீருக்கு வந்திருந்தார்கள். மீனை மேஜைமேல், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்கள் பலகைக்குக் கீழே பிடித்தது, ஐயா. நடவடிக்கை எடுக்க வேண்டும்."

விருந்தாளிகள் மீனைப் பார்த்தார்கள், பிறகு துரையைப் பார்த்தார்கள். துரையின் முகம் மெல்லச் சிவந்தது. "எந்த ஈ?" என்றார்.

"ஈசல்."

"காட்டு."

"முதலில் உத்தரவு."

இந்த இரண்டு சொல்லை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். "சரி. நாளைக்குக் காலையில டைப் பண்ணிக் கொண்டா. ரெண்டு பிரதி" என்றார்.

பண்ணினேன். 'எஸ்டேட் ஓடையில், இறகுப்பூச்சியைக் கொண்டு, நியாயமான முறையில் ஒரு டிரவுட் மீனைப் பிடித்த காரணத்தால்' என்று ஆங்கிலத்தில் அழுத்தமாகவே எழுதியிருந்தேன். துரை பேனாவை எடுத்தார். 'நியாயமான முறையில்' என்பதை மட்டும் மூன்று பிரதியிலும் அடித்தார். ஈசல் அவர்களுடைய பட்டியலில் இல்லையாம். மீதிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த அடித்தலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 'பிடித்த காரணத்தால்' என்பது நின்றது. டிகிரி வாங்காதவன் வீட்டில் இருக்கிற ஒரே பட்டயம் அதுதான். கடைசிவரை ஈசலையும் காட்டவில்லை.

இரண்டாம் நாள் ஜாமான்களைக் கட்டிக்கொண்டு சின்னமனூருக்கு இறங்கினோம். காமயகவுண்டன்பட்டியில் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது என்று மனைவி வழியெல்லாம் எனக்கு ஒத்திகை கொடுத்துக்கொண்டு வந்தாள். ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தவர் அதே காவல்காரர்தான். பாதி மலையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏய்யா, அந்த மீனு ருசியா இருந்துச்சா?"

"நான் எங்கே சாப்பிட்டேன்? சாட்சிக்கு வைத்த மீன் பங்களாவிலேயே நின்றுபோயிற்று."

"நல்லதாப் போச்சு, விடுங்க" என்றார் அவர். "கூலிக இருக்குற லயத்துல நாங்க வாரா வாரம் சேலையில கோரித்தான் கொழம்பு வெக்கிறோம். புளிய எம்புட்டுக் கரைச்சாலும் சப்புனுதேன் இருக்கு."