செம்மறிக்கடா மேட்டு மார்கரெட்

பேத்தியின் விசாவுக்காகக் கம்ப்யூட்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. உங்களுக்கும் இந்தத் தொல்லை வந்திருக்கும். தலைமுறைக்கு ஒரு இனிஷியல் போடுகிற நாம் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? எனக்கு மார்கரெட் அம்மாள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். சோறு பிசையும்போதுகூட விரலில் மெஷின் எண்ணெய் வாசனை வரும். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த மார்கரெட் அம்மாள் ஒருநாள் பதினோரு விலாசங்களோடு வந்தார். இங்கிலாந்துக்காரர், வயது அறுபது. குடும்பப் பெயர் வெதர்லோ. செம்மறிக்கடா மேடு என்று அர்த்தமாம். முன்னோர்கள் அந்தப் பெயர் கொண்ட ஊரில் ஆடு மேய்த்தவர்கள். அந்த ஊரே அழிந்து பெயர் மட்டும் மிச்சம். கல்யாணம் ஆகாத தன்னோடு அதுவும் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை. பழைய டெலிபோன் டைரக்டரிகளில் தேடிப்பிடித்த வெதர்லோக்களுக்கெல்லாம் "நீங்கள் என் உறவா?" என்று கேட்டுக் கடிதம் அடிக்கவேண்டும்.

ஊர்ப் பெயர்தானே? கீழ்பென்னாத்தூர் மாமா 'கீ' என்று இனிஷியல் போட்டுக்கொள்ளவில்லையா? நான் பதினோரு உறைகளிலும் அனுப்புநர் 'டபிள்யூ. மார்கரெட்' என்று அழகாக அடித்துத் தபாலில் சேர்த்தேன்.

ஆள் இல்லை என்று உறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இன்ஸ்டிடியூட் நடத்திய மாஸ்டர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எந்தப் பேர அவங்க தேடறாங்களோ, அதையே முழுங்கிட்டியே!"

எனக்கு அழுகை முட்டியது. மார்கரெட் அம்மாள் தனக்குத் தெரிந்த தமிழில் "பரவால்லமா" என்றார். முகம்தான் வாடியிருந்தது.

பிறகு ஒரே ஒரு பதில், 'அன்புள்ள திரு. மார்கரெட்' என்று. உறையில் டபிள்யூ. மார்கரெட், உள்ளே கையெழுத்தில் மார்கரெட் வெதர்லோ. மோசடி என்று கிழிக்கப்போய், குழப்பம் தாங்காமல் எழுதுகிறேன் என்றிருந்தார் ஒரு வெதர்லோ. அவரும் தனிக்கட்டை. அந்தப் பெயரில் கடைசி ஆள் தான்தான் என்று நினைத்திருந்தாராம். அன்று இன்ஸ்டிடியூட் முழுக்க ஜிலேபி.

மறு வருஷம் ஊருக்குப் போன மார்கரெட் அம்மாள் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். பெயர் மாற்றுகிற வேலை மிச்சம் என்று எழுதியிருந்தார். மாஸ்டர் தலையில் கைவைத்தார்.

"அடக் கடவுளே, பங்காளி மொறையாச்சேம்மா!"

"பேரு ஒண்ணுனா ரத்தம் ஒண்ணாயிடுமா சார்?" என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

வருஷம் தவறாமல் மார்கழியில் இருவரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை வரும். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்க அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை.