உவர் நீரில் கரைந்த பட்டு

யுத்த காலத்தில் செஞ்சியில் சோப்பு கிடைப்பது அரிது. வந்தாலும் கடைக்காரர் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பார். நான் யாருக்கும் வேண்டியவனில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக வந்த பாடம் ரசாயனம் ஒன்றுதான். மற்றவற்றில் எல்லாம் தோற்றதால் படிப்பு அத்தோடு நின்றது. கர்வம் மட்டும் நிற்கவில்லை.

கோடையில் ஏரி வற்றியதும் கரையோரம் உவர் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். துணி வெளுப்பவர்கள் அதைக் கூடையில் வாரிக்கொண்டு போவார்கள். நான் ஒரு படி மேலே போனேன். அடியில் ஓட்டை போட்ட பானையில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, வடிந்த நீரில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினேன். இரண்டும் சேர்ந்தால் காரம் பல மடங்கு ஏறும் என்று படித்திருந்தேன். தெளிந்த நீரில் என் பழுப்பு வேட்டியை அலசியபோது வெளுப்பில் கொக்கு தோற்றது. விரல்கள் வழவழவென்றிருந்தன. என் தோலின் எண்ணெய்ப் பசையே சோப்பாகிக்கொண்டிருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவியிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுப்புடவை. அவள் அம்மாவின் கூறைப்புடவை. சாகக் கிடந்தபோது அந்த அம்மா அதை அவள் கையில் கொடுத்து, "தங்கச்சி கல்யாணத்துல இத்தக் கட்டிக்கினு எம் எடத்துல நீ நில்லு" என்று சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணம் அடுத்த வாரம், தளவானூரில். பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் முந்தானையில் பழைய மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும்.

எங்கள் வீட்டுத் துணிகளை வெளுக்கும் அம்மாள், என் பானையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"பட்டுக்குப் பூந்திக்கொட்டதான் சாமி. உவரு பக்கமே காட்டாதீங்க."

"ஏன்?"

"ஏன்னு எனக்கு இன்னா தெரியும்? எங்க மாமியா காட்டாதன்னா, நான் காட்டல."

நான் சிரித்தேன்.

"சிரிங்க சாமி. கட்டிக்கப் போறது நீங்களா?"

அவள் போன பிறகு மனைவி தயங்கினாள். "ஏங்க, அவங்க சொல்றாங்களே..."

"அவங்க ரசாயனம் படிச்சிருக்காங்களா?"

பானையில் தெளிந்த அந்தக் கார நீரைச் சுட வைத்துப் புடவையை முக்கினேன். மஞ்சள் கறை சட்டென்று ரத்தச் சிவப்பானது. "ஐயோ, இன்னாங்க இது!" என்று மனைவி பதறினாள்.

"பயப்படாத. ஆலாத்தி சுத்தறப்ப மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கல? அதேதான்."

நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் பட்டு கரைந்துகொண்டிருந்தது. பருத்தி செடியில் விளைவது, காரத்தைத் தாங்கும். பட்டு பூச்சியின் உடம்பிலிருந்து வருவது. முடியைப் போல, தோலைப் போல, காரத்தில் வெந்துவிடும். இதுவும் அதே புத்தகத்தில்தான் இருந்தது, நான் புரட்டாத பக்கத்தில். குச்சியால் தூக்கினேன். கொழகொழவென்று அறுந்து விழுந்தது. குச்சியில் மிஞ்சியது சிக்கலாய்க் கொஞ்சம் ஜரிகை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஜரிகையை நல்ல தண்ணீரில் அலசி, வாழைச்சருகில் சுருட்டி வைத்தாள்.

கல்யாணத்துக்கு நூல் புடவையில் வந்தாள். அந்தப் புடவை இல்லாமல் அம்மா இடத்தில் நிற்க மாட்டேன் என்று பந்தல் ஓரத்துக்குப் போய்விட்டாள். மணையருகே அவர்களுடைய சித்தி நின்றாள். தாலி கட்டி முடிந்ததும் தங்கை தேடிக்கொண்டு வந்தாள்.

"எங்கக்கா அந்தப் பொடவ?"

"எலி கடிச்சிடுச்சி."

பக்கத்தில் நின்ற மாமா விடவில்லை. "ஒரு பொடவைய முழுசாவா? எம்மாம் பெரிய எலி?"

என் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள்: "பெரிய எலிதான் மாமா. படிச்ச எலி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சபை நடுவே எலி வேறு என்ன செய்ய முடியும்? தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மாலையும் கழுத்துமாக, அக்காவின் நூல் முந்தானையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரோ கூப்பிட, சித்தியின் காலில் விழப் போனாள்.